கொதிக்கிற மணலும் குழாயும்: பாய்லருக்குப் பருத்திமார், மட்டை விற்போர் கவனத்துக்கு

(கோவை வானொலியின் பண்ணை ஒலிபரப்பில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



மாரியம்மன் நோம்பிக்குப் போனால் தேர்நிலைக்குப் பக்கத்தில் ஒருவர் தள்ளுவண்டியில் இரும்புச் சட்டியை வைத்து நிலக்கடலை வறுத்துக்கொண்டிருப்பார். சட்டியில் பாதி மணல். கடலையை அதில் கொட்டி, அகப்பையால் கிண்டிக்கொண்டே இருப்பார். கிண்டுகிற கை நின்றுபோனால் என்ன ஆகும்? அடியில் இருக்கிற கடலை கருகும். மேலே இருக்கிற கடலை பச்சையாகவே நிற்கும். தீயும் அதுதான், மணலும் அதுதான். கிண்டினால் ஒரு குணம், கிண்டாமல் விட்டால் வேறு குணம். நான் இன்றைக்குச் சொல்ல வந்த சங்கதி முழுவதும் இந்தச் சட்டிக்குள்ளேயே இருக்கிறது.

பாய்லரைப் பற்றி விவசாயிக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். திருப்பூர், பெருந்துறைப் பக்கம் சாயப்பட்டறைகளுக்கு நீராவி வேண்டும். காங்கேயத்தில் நெல் அவிக்கிற ஆலைகளுக்கு நீராவி வேண்டும். அந்த நீராவிக்கு எரிக்கிற பொருளில் ஒரு பங்கு நம்முடைய காட்டிலிருந்துதான் போகிறது. பருத்திமார், கடலைத் தொலி, தென்னை மட்டை, மணி உதிர்த்த மக்காச்சோளக் கதிர்க்கட்டை, உமி, வேலிக்காத்தான் விறகு, இப்படி. ஒரு காலத்தில் காட்டோரத்தில் போட்டுக் கொளுத்தின சாமான். இன்றைக்கு எடை போட்டுக் காசு வாங்குகிறோம். காசு வாங்குகிற இடத்தில் தகராறும் வருகிறது.

நடந்ததைச் சொல்கிறேன். அவிநாசிப் பக்கம் ஒரு கிராமத்தில் தென்னையும் கடலையும் வைத்திருக்கிற குடும்பம். உரிமட்டையும் கடலைத் தொலியும் வீணாகக் கிடக்கிறதே, ஆலைக்கு ஏற்றி விடுங்கள் என்று யோசனை சொன்னவன் நான்தான். முதல் இரண்டு லோடு போயிற்று, பணமும் வந்தது. மூன்றாவது லோடை ஆலை வாசலிலேயே திருப்பி விட்டார்கள். போக வர லாரி வாடகை அவர்கள் தலையில். அடுத்த வாரம் நான் அந்த ஊருக்குப் போனபோது அந்த வீட்டு அம்மா கேட்டார்: "ஏனுங்க ஆபீசர், எரிக்கறதுக்குத்தானுங்க வாங்கறாங்க? எங்க மட்டை மட்டும் எரியாதுங்களா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. விஞ்ஞானம் படித்துப் பட்டம் வாங்கினவன்தான். பயிருக்குப் பொட்டாசு எவ்வளவு என்று கேட்டால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன். பாய்லர் என்ன தின்னும், எதைத் தின்றால் அதற்கு ஆகாது என்று விசாரிக்காமல் யோசனை சொல்லிவிட்டேன். மறுநாளே அந்த ஆலைக்குப் போய்ப் பாய்லர் அறையைப் பார்க்க அனுமதி கேட்டேன். பாய்லர்காரர் மரியாதையானவர். ஒன்றும் பேசாமல் மூலையில் கிடந்த ஒரு கட்டியை எடுத்து என் கையில் கொடுத்தார். தேங்காய் அளவு இருந்தது; மேலே கண்ணாடி மாதிரி மினுமினுப்பு. உடைத்துப் பார்த்தால் உள்ளே மணல் மணியாகத் தெரிகிறது. "இதுதானுங்க உங்க மட்டை" என்றார்.

மணல் எப்படிக் கட்டியாயிற்று என்பதைப் புரிந்துகொள்ள, அந்தப் பாய்லருக்குள் மணலுக்கு என்ன வேலை என்று முதலில் பார்ப்போம்.

களத்தில் நெல் தூற்றுகிறோம். காற்று பதரைக் கொண்டுபோகும், மணி கீழே விழும். இப்போது காற்று பக்கவாட்டில் வராமல் தரையிலிருந்து மேல்நோக்கி வீசுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மெதுவாக வீசினால் மணியின் சந்து வழியே காற்று புகுந்து போய்விடும், மணி அசையாது. கொஞ்சம் கூட்டினால் ஒரு கட்டத்தில் காற்றின் தள்ளுதலும் மணியின் எடையும் சரிக்குச் சரி நிற்கும். அப்போது மணிகள் ஒன்றை ஒன்று விட்டு விலகி மிதக்கும். அந்த மிதக்கிற குவியல் தண்ணீர் மாதிரி நடந்துகொள்ளும். சாய்த்தால் ஓடும், கல்லைப் போட்டால் மூழ்கும், கட்டையைப் போட்டால் மிதக்கும். இன்னும் காற்றைக் கூட்டினால் கம்பங்கூழ் கொதிக்கிற மாதிரி குமிழி குமிழியாக எழும்பி வெடிக்கும். அந்தப் பாய்லரின் அடியில் இருப்பது இதுதான். ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் பருமனுள்ள மணலையோ சூளைக்கல் நொறுக்கின துகளையோ சில அடி உயரத்துக்கு நிரப்பி, அடியிலிருந்து விசிறியால் காற்றை ஊதுகிறார்கள். மணல் 800 முதல் 900 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் கூழ் மாதிரி கொதித்துக்கொண்டிருக்கும். நம்முடைய பருத்திமார்த் துண்டு அதற்குள் விழுந்தவுடன் நாலாபுறமும் சூடான மணல் மொய்த்துக்கொண்டு எரித்துவிடும். இதற்குக் கொதிமணல் அடுப்பு என்று நானாக ஒரு பெயர் வைத்திருக்கிறேன். ஆலையில் பெட் பாய்லர் என்பார்கள்.

இது நேற்று வந்த யோசனை அல்ல. ஜெர்மனியில் விங்க்ளர் என்பவர் 1922ஆம் ஆண்டிலேயே நிலக்கரியை இப்படிக் காற்றில் மிதக்கவிட்டு எரிவாயு எடுக்க வழி கண்டார். நம் மாநிலத்தில் திருச்சியில் இருக்கிற பெல் ஆலை இந்த வகைப் பாய்லர்களைச் செய்கிறது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எரிக்கிற 250 மெகாவாட் யூனிட்டுகள் இரண்டு, 2015இல் ஓட ஆரம்பித்தவை, இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. அங்கே மணல் சுற்றிச் சுற்றி வரும். சூடான சாம்பல்மணலைத் தனித் தொட்டிகளில் காற்றூதி மிதக்கவிட்டு, அதற்குள் குழாய்களைப் பதித்துச் சூட்டை எடுக்கிறார்கள்.

குழாய் என்றேனே, விஷயமே அதில்தான் இருக்கிறது. சாயப்பட்டறைப் பாய்லரிலும் அந்தக் கொதிக்கிற மணலுக்குள்ளேயே இரும்புக் குழாய்கள் கிடக்கும். உள்ளே தண்ணீர் ஓடும். மணலின் சூட்டைக் குழாய் வாங்கித் தண்ணீரை நீராவியாக்கும். புகை போகிற பாதையில் குழாயை வைத்தால் போதாதா, மணலுக்குள் எதற்குப் புதைக்க வேண்டும் என்று நானும் கேட்டேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. 2 அங்குலக் குழாயை 20 அடி எடுத்தால் அதன் வெளிப்பரப்பு ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர். வெறும் சூடான புகை அதைச் சுற்றி ஓடினால், ஒவ்வொரு டிகிரி சூட்டு வித்தியாசத்துக்கும் 50 வாட் வாங்கினால் பெரிது. அதே குழாய் கொதிக்கிற மணலுக்குள் கிடந்தால் 250 முதல் 350 வாட் வாங்குகிறது. மணல் 850 டிகிரி, குழாய் 200 டிகிரி என்று வைத்துக்கொண்டால், அந்த 20 அடிக் குழாய் மணிக்கு 290 கிலோ தண்ணீரை நீராவியாக்கும். புகையில் தொங்கவிட்டால் 60 கிலோ தேறாது.

ஏன் இந்த வித்தியாசம்? காற்று சூட்டைச் சுமக்கத் தெரியாத ஆள். 850 டிகிரியில் ஒரு படி மணல் சுமக்கிற சூட்டைச் சுமக்க மூவாயிரம் படிக்கு மேல் காற்று வேண்டும். ஆகவே மணல்தான் நல்ல சுமைகூலி. ஆனால் சும்மா கிடக்கிற மணலால் பிரயோஜனம் இல்லை. சித்திரை வெயிலில் ஆற்று மணலில் நடந்திருப்பீர்கள். மேலே கால் வைக்க முடியாது, நாலு விரற்கடை தோண்டினால் குளுகுளுவென்று இருக்கும். கிடந்த மணல் சூட்டைத் தனக்குள் கடத்தாது.

வீட்டுக்குக் கான்கிரீட் போடுகிற நாளில் சாந்துச் சட்டியைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே ஏற்றுவார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். சட்டியைக் கொடுத்த கை வெறுங்கையாகத் திரும்பி அடுத்த சட்டியை வாங்க வேண்டும். கொடுத்துவிட்டு அங்கேயே நின்றால் வேலை நின்றுபோகும். மணலும் அப்படித்தான். ஒரு கொத்து மணல் குழாயைத் தொட்டுச் சூட்டைக் கொடுக்கிறது; ஒரு வினாடிக்குள் குமிழி அதைத் தள்ளிக்கொண்டு போகிறது; புதிதாகச் சூடான மணற்கொத்து அந்த இடத்துக்கு வருகிறது. இப்படிக் கொத்துக் கொத்தாக மாறி மாறி வருவதுதான் காரணம் என்று அமெரிக்காவில் மிக்லி, ஃபேர்பேங்க்ஸ் என்ற இருவர் 1955இல் எழுதினார்கள். நம் கடலைக்காரரின் அகப்பை செய்கிற வேலையைப் பாய்லரில் குமிழி செய்கிறது, அவ்வளவுதான்.

இதில் ஓர் அளவு இருக்கிறது. காற்றைக் குறைத்தால் மணல் அடங்கிவிடும். படுக்கையாகக் கிடக்கிற குழாயின் உச்சியில் மணல் தலைப்பாகை கட்டின மாதிரி உட்கார்ந்துகொள்ளும், நகராது. அந்தத் தலைப்பாகை ஆறிப்போய்ப் போர்வையாக நின்று, பின்னால் வருகிற சூட்டையும் மறித்துவிடும். சரி, காற்றை இஷ்டத்துக்குக் கூட்டலாமா என்றால் அதுவும் கூடாது. குமிழி பெருத்துக் குழாயை மூடிக்கொள்ளும். குமிழிக்குள் இருப்பது வெறும் காற்றுதானே, சூடு ஏறாது. போதாக்குறைக்கு வேகமாக அடிக்கிற மணல் குழாயின் அடிவயிற்றை அராவித் தேய்த்துவிடும். அதற்காகவே குழாயின் மேல் முள்ளு முள்ளாக இரும்புக் குச்சிகளைப் பற்றவைத்திருக்கிறார்கள். மணல் பருமனும் சேர்த்தி. பொடி மணல் குழாயை நெருங்கித் தொடும், இடுக்கில் காற்று குறைவு, ஆகவே சூடு நன்றாக ஏறும். ரொம்பப் பொடியாக இருந்தாலோ புகைபோக்கி வழியாகப் பறந்து போய்விடும்.

இப்போது நம்முடைய மட்டைக்கு வருவோம்.

குழாய் வாங்குகிற சூட்டினால் நீராவி மட்டுமல்ல, இன்னொரு காரியமும் நடக்கிறது. எரிகிற பொருள் சூட்டைக் கொட்டிக்கொண்டே இருக்கிறது. குழாய் வாங்கிக்கொண்டே இருப்பதால்தான் மணல் 850 டிகிரியில் நிற்கிறது. குழாய் வாங்குவதை நிறுத்தினால் மணல் சூடு ஏறிக்கொண்டே போகும். அதனால் என்ன, மணல் உருக 1700 டிகிரி வேண்டாமா என்று கேட்பீர்கள். சுத்த மணலுக்கு அது சரி. பொட்டாசு சேர்ந்த மணலுக்கு 750, 800 டிகிரியே போதும், மேல்தோல் இளகிப் பிசுபிசுக்க ஆரம்பித்துவிடும். கண்ணாடி செய்கிறவர்கள் மணலோடு சோடா உப்பைக் கலப்பது இதற்காகத்தான். சீக்கிரம் இளகட்டும் என்று.

பொட்டாசு எங்கிருந்து வந்தது? நம் மட்டையிலிருந்து. தென்னை பொட்டாசைக் கேட்டு வாங்கித் தின்கிற மரம் என்பது உங்களுக்குத் தெரியும். அது தின்றதில் நல்ல பங்கு உரிமட்டையில் போய் உட்காருகிறது, கூடவே குளோரின் உப்பும். பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார்த்தூளை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் தண்ணீர்விட்டுக் கழுவுகிறார்களே, உப்புக் கரைச்சல் தண்ணீர் ஓடுகிறதென்று தகராறுகூட வருகிறதே, அதே உப்புதான். மட்டை எரிந்ததும் பொட்டாசு வெளிவந்து மணலின் மேல் பூசிக்கொள்கிறது. பூச்சு பிசுபிசுக்கிறது. பத்து மணி ஒட்டி ஒரு மணியாகிறது, பிறகு கட்டியாகிறது. கட்டி கனம், காற்று தூக்காது. அந்த இடத்தில் கொதிப்பு அடங்குகிறது. குழாய்மேல் மணல் அசையாமல் அப்பிக்கொள்கிறது. குழாய் சூட்டை வாங்குவதில்லை. வாங்காத சூடு மணலிலேயே தங்கி, இன்னும் இளக்குகிறது. மேலே நீராவி குறைகிறதே என்று ஆள் இன்னும் இரண்டு கூடை விறகைத் தள்ளுகிறார். அது எரிகிற தீயில் நெய் விட்ட மாதிரி ஆகிறது. கடைசியில் பாய்லரை நிறுத்தி, ஆறவைத்து, ஆள் உள்ளே இறங்கிக் கடப்பாரையால் உடைத்து எடுக்க வேண்டும். அத்தனை நேரமும் பட்டறையில் துணி நிற்கிறது.

மூன்றாவது லோடைத் திருப்பினதற்குக் காரணம் இதுதான். முதல் இரண்டு லோடு போன சமயத்தில் ஒன்றும் தெரியவில்லை. பூச்சு சேரச் சில நாள் பிடிக்கிறது. கடலைத் தொலியில் ஒட்டியிருந்த செம்மண் வேறு கூடச் சேர்ந்துகொண்டது. அந்த ஆலைக்காரர் மேல் எனக்குக் கோபம் இருந்தது உண்மை. கட்டியைக் கையில் வாங்கின பிறகு கோபம் போய்விட்டது. ஆனால் வாங்கும்போதே இன்னது ஆகும், இன்னது ஆகாது என்று வாசலில் எழுதிப் போட்டிருந்தால் ஒரு குடும்பத்துக்கு லாரி வாடகை மிஞ்சியிருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன். சொல்லாமல் விட்டதில் எனக்கும் பங்கு உண்டு. அதனால்தான் இதை இவ்வளவு விஸ்தாரமாகச் சொல்கிறேன்.

இனி, நாம் செய்யக்கூடியது என்ன என்று பார்ப்போம்.

விலை பேசுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்க பாய்லர் மணல் பெட்டா, கம்பித்தட்டா? மணலுக்குள்ளே குழாய் இருக்குதுங்களா?" கம்பித்தட்டின் மேல் விறகை அடுக்கி எரிக்கிற பழைய வகை என்றால் இந்த மணல் தொல்லை அவ்வளவு இல்லை. சில கொதிமணல் பாய்லர்களை ஈர விறகுக்கென்றே கட்டியிருப்பார்கள். அங்கே மணலுக்குள் குழாய் வைப்பதில்லை. விறகின் ஈரமே மணலைக் குளிர்த்திவிடும், குழாயெல்லாம் சுவரிலும் மேலேயும் இருக்கும். ஈரத்தைப் பற்றி அவர்கள் அவ்வளவு கறாராக இருக்கமாட்டார்கள். மணலும் உண்டு, மணலுக்குள் குழாயும் உண்டு என்றால் நீங்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

தென்னை உரிமட்டையை அப்படிப்பட்ட பாய்லருக்கு ஏற்ற வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். விலை கிடைத்தாலும் வேண்டாம். அது இருக்க வேண்டிய இடம் தென்னந்தோப்பு. மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர், அதாவது 6 அடி ஆரத்தில் வட்டப்பாத்தி இருக்கிறதல்லவா, அதில் மரத்துக்கு 100 மட்டை, குவிந்த முதுகு மேலே பார்க்கும்படி பரப்பிவிட்டால் ஈரம் காக்கும். மழைக்கு மழை பொட்டாசு கரைந்து வேருக்குப் போகும். நம் பக்கம் கிணறு வற்றுகிற வருஷம்தான் அதிகம். இந்த ஈரத்துக்கு ஆலைக்காரர் கொடுக்கிற விலை ஈடாகாது.

வைக்கோலும் பொட்டாசு மிகுந்த சாமான். ஒரு டன் வைக்கோலில் 15 முதல் 20 கிலோ பொட்டாசு இருக்கிறது; கடையில் வாங்குகிற பொட்டாசு உரத்தில் அது அரை மூட்டைக்கும் மேல். ஆனால் நம் சீமையில் வைக்கோலைப் பாய்லருக்கு விற்றால் மாடே நம்மை முட்ட வரும். அதனால் அதை விட்டுவிடுவோம். மக்காச்சோளத் தட்டும் மாட்டுக்குப் போனது போக மிச்சமானால்தான் இந்தப் பேச்சு. அப்படி மிச்சமாகி விற்பதாக இருந்தால், அறுத்தவுடன் கட்டி ஏற்றாமல் காட்டிலேயே பரப்பிவிட்டு ஒன்றிரண்டு மழை வாங்கவிடுங்கள். தட்டில் இருக்கிற பொட்டாசு தண்ணீரில் கரைகிற ரகம். மழை அதைக் கழுவி உங்கள் மண்ணிலேயே இறக்கிவிடும். பிறகு நன்றாகக் காயவைத்துக் கட்டி விற்றால் பாய்லருக்கும் தொல்லை இல்லை, நம் உரமும் நம் காட்டிலேயே நின்றுவிடும். பொட்டாசு உரம் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருகிற சரக்கு. அதைக் காசு கொடுத்து வாங்கிப் போட்டு, பயிர் வழியாக எடுத்து, லாரியில் ஏற்றிப் பெருந்துறையில் மணலைக் கெடுக்க அனுப்புவதில் என்ன அர்த்தம்?

பருத்திமாருக்கு மட்டும் இந்த யோசனையைச் சொல்லமாட்டேன். மழைக்குக் காத்திருக்கிறேன் என்று பருத்திமாரைக் காட்டோரத்தில் அடுக்கி வைத்தால் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவும் மாவுப்பூச்சியும் அதிலே தங்கி, அடுத்த பருத்திக்கு முதல் விருந்தாளியாக வரும். கடைசிப் பறிப்பு முடிந்ததும் வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, துண்டு போட்டுக் காயவைத்துச் சீக்கிரம் அனுப்பிவிடுங்கள். பருத்திமார் கட்டை ரகம், மட்டையைப்போல் மணலைக் கெடுக்காது. வேரில் ஒட்டின மண்தான் அதற்கு எதிரி. வரப்புக் கல்லில் நாலு தட்டுத் தட்டினால் உதிர்ந்துவிடும். சோம்பல்படாதீர்கள்.

கடலைத் தொலியைச் சல்லடையில் ஒரு சலி சலித்துக் கொடுங்கள். கல், கம்பித்துண்டு, நைலான் கயிறு எதுவும் லோடில் வேண்டாம். மணல் தண்ணீர் மாதிரி என்றேனே, கல் அதில் மூழ்கி அடியில் போய்க் காற்றுத் துவாரத்தை அடைத்துவிடும்.

உமிக்குப் பொதுவாக மரியாதை உண்டு. 100 கிலோ நெல் அரைத்தால் 20 கிலோ உமி. உமியில் பொட்டாசு குறைவு. ஆனால் 100 கிலோ உமிக்கு 15 முதல் 20 கிலோ சாம்பல் தேறும். அது பெரும்பாலும் சிலிகா, அரத்தூள் மாதிரி குழாயைத் தேய்க்கும். அது ஆலைக்காரர் கவலை. நாம் நெல்லாக விற்றுவிடுகிறோம்.

ஈரத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். எடை போட்டு விற்கிற பண்டமாயிற்றே, கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் எடை கூடுமே என்று எந்த ஊரிலும் ஒருவருக்காவது யோசனை வரும். கணக்கைப் பாருங்கள். 10 டன் லோடில் நூற்றுக்கு 10 பங்கு ஈரம் என்றால் எரிகிற பொருள் 9 டன். 30 பங்கு ஈரம் என்றால் 7 டன்தான். மீதி 3 டன் தண்ணீர். ஒரு கிலோ தண்ணீரைச் சூடாக்கி ஆவியாக்க 600 கலோரிக்கு மேல், விஞ்ஞானக் கணக்கில் கிலோ கலோரி, வேண்டும். 3 டன் தண்ணீருக்கு 18 லட்சத்துக்கு மேல். அத்தனையும் குழாய்க்குப் போகாமல் புகைபோக்கி வழியாகப் போகிறது. ஈர லோடு ஒரேயடியாக விழுந்தால் மணல் சூடு 700 டிகிரிக்குக் கீழே இறங்கித் தீ தள்ளாடும். பாய்லர்காரர் அளவுமானியில் பார்த்த கணமே யாருடைய லோடு என்று கேட்பார். அதற்குப் பிறகு காய்ந்த லோடு கொண்டுபோனாலும் உங்களுக்குக் கழிவு பிடிப்பார்கள்.

வீட்டிலேயே சோதித்துக்கொள்ளலாம். துண்டு போட்ட பருத்திமாரில் ஒரு கிலோ நிறுத்து எடுத்துத் தனியாக வெயிலில் பரப்புங்கள். தினமும் நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்றுவிட்டால் வெயிலால் ஆகக்கூடிய காய்ச்சல் ஆயிற்று. அப்போதும் நூற்றுக்குப் பத்துப் பங்கு ஈரம் உள்ளே இருக்கும், அது பரவாயில்லை. ஒரு கிலோ 800 கிராமாக இறங்கினால், குவியலில் இன்னும் காயவேண்டியது அவ்வளவு இருக்கிறது என்று அர்த்தம். தராசு இல்லாதவர்கள் கட்டை விரல் தண்டியுள்ள மாரை எடுத்து முறித்துப் பாருங்கள். சடக்கென்று ஒடிய வேண்டும்; நார் விட்டு வளைந்தால் ஏற்றாதீர்கள்.

சாம்பலையும் விட்டுவிட வேண்டாம். பயிர்க்கழிவும் விறகும் மட்டுமே எரிக்கிற ஆலையாக இருந்தால் அந்தச் சாம்பலில் நம் பொட்டாசில் ஒரு பங்கு திரும்பி வரும். எரு கொட்டுகிற குழியில் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டு எச்சரிக்கை. நிலக்கரியோ சாயப்பட்டறைக் கசடோ கலந்து எரிக்கிற இடத்துச் சாம்பல் காட்டுக்கு ஆகாது, கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இன்னொன்று, சாம்பல் காரமானது. நம் பக்கத்தில் சுண்ணாம்பு மண்ணும் களர் மண்ணும் நிறைய. மண் பரிசோதனை செய்து, காரத் தன்மை ஏற்கெனவே கூடுதலாக இருக்கிறது என்று அட்டையில் வந்தால் சாம்பல் பக்கமே போகவேண்டாம்.

அவிநாசிப் பக்கத்துக் குடும்பத்துக்குப் போய் இதையெல்லாம் சொன்னேன். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டார். "அப்போ எங்க பொட்டாசுதானுங்க அவங்க மணலை ஒட்ட வெச்சுது?" என்றார். ஆமாம் என்றேன். "அது தெரியாமெ லாரி வாடகை கொடுத்து அனுப்பிச்சோமுங்க" என்று சிரித்துவிட்டுத் தோப்புக்குள் போய்விட்டார். திரும்பி வந்த லோடு மட்டையெல்லாம் இப்போது 40 தென்னைக்கு அடியில் கிடக்கிறது. கடலைத் தொலியைச் சலித்து வைத்திருக்கிறார்கள். பருத்தி போட்டிருக்கிற பக்கத்துக் காட்டுக்காரர் இருவர் சேர்ந்து இந்தத் தடவை மாரைத் துண்டு போட வாடகை இயந்திரம் பேசியிருக்கிறார்கள். ஆலைக்கு முதல் லோடு போகும்போது நானும் கூடப் போவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். எடைமேடையில் என்ன கேட்கிறார்கள், எதற்குக் கழிவு பிடிக்கிறார்கள் என்று நேரில் பார்த்து வந்து இன்னொரு நாள் இதே நேரத்தில் சொல்கிறேன்.